வௌவாலின் மேற்பக்கம்

ஒரு காட்டில் புலி இருந்தது, மான் இருந்தது, நியூட்ரான் ஆய்வுக்கூடமும் இருந்தது. காட்டுக்கு நியூட்ரான் எதற்கு என்று கேட்காதீர்கள். பேசும் முள்ளம்பன்றியை நம்பப் போகிறவர்கள் இதையும் நம்பலாம்.

அந்த முள்ளம்பன்றியின் பெயர் செங்கமலம். முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருடமாக ஒரு கருவியைக் கணினிக்குள் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நியூட்ரானுக்கும் சுழற்சி என்று ஓர் அம்பு உண்டு. கருவியின் கடைசியில் அம்புகள் மேல்நோக்கி வந்து சேர வேண்டும். சேர்ந்தால் தேர்வாளர் யானையார் கையெழுத்துப் போடுவார். இல்லாவிட்டால் ஐந்து வருடமும் போச்சு.

கருவியில் இரண்டு பாகம். நியூட்ரான் ஓடிவரும் குழாய்க்கு நிரல் எழுதியவள் நண்டு அஞ்சலை. அம்பைத் திசை திருப்பும் காந்தத்துக்கு எழுதியவர் வௌவால் வேதாசலம். பாகத்துக்குப் பாகம் மேல்-கீழ், இடம்-வலம் எல்லாம் வேறு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குள் நுழையும் நியூட்ரானை அதற்கேற்றபடி திருப்பிவிட வேண்டும்.

காலையில் ஓட்டிப் பார்த்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு அம்புகள் மேலே! பிற்பகல்தான் யானையார் வருகிறார். பேசாமல் போய்க் கிழங்கு தின்றிருக்கலாம். ஆனால் கால்புள்ளி இடம் மாறியிருந்தாலே செங்கமலத்துக்கு முள் சிலிர்த்துக்கொள்ளும். கடைசியாக ஒருமுறை காந்தத்தின் நிரலைத் திறந்தாள்.

"வேதாசலம் அண்ணே, இதுல மேலேன்னா எந்தப் பக்கம்?"

கிளையில் தொங்கிக்கொண்டே வௌவால் இறக்கையால் தரையைக் காட்டினார். "தலை இருக்கிற பக்கம்தாம்மா மேலே. ஏன், உங்க வீட்ல எப்படி?"

செங்கமலம் அதைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டினாள். தொண்ணூற்றேழு அம்புகளும் கீழே.

அப்படியானால் இந்தத் தவறை இதுவரை நேராக்கிக்கொண்டிருந்த இன்னொரு தவறு வேறெங்கோ இருக்கிறது! நண்டிடம் ஓடினாள்.

"அஞ்சலை, குழாயைத் தலைகீழா மாட்டியிருக்கியே, நியூட்ரானைத் திருப்பினியா?"

"திருப்பினேனே!"

"அம்பை?"

நண்டு கண்களை உள்ளே இழுத்துக்கொண்டாள். "அதைத் தனியா வேற திருப்பணுமாக்கா? நியூட்ரானோடயே வந்துரும்னு நெனச்சேன். பதினோரு இடத்துல மாத்தணும். ஒரு வாரம் குடுங்க."

தரை அதிர்ந்தது. யானையார் வாசலுக்கே வந்துவிட்டார்.

செங்கமலம் மூச்சு வாங்க மரத்தடிக்குத் திரும்பி, காந்தத்தில் திருத்தியதைப் பழையபடியே மாற்றினாள். "அண்ணே, உங்க பழைய மேலேயே இருக்கட்டும்."

"அதானே," என்றார் வேதாசலம். "எங்க பரம்பரையில ஒருத்தரும் தப்பா தொங்கினதில்ல."

யானையார் திரையைப் பார்த்தார். "தொண்ணூற்றேழு! பிரமாதம். ஒரே ஒரு கேள்வி. இதுல மேலேங்கறது எது?"

செங்கமலம் பேனாவை யானையார் பக்கம் நீட்டினாள்.

"நீங்க சொல்ற பக்கம்தான் சார்."

"இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல," என்று யானையார் கையெழுத்துப் போட்டார்.

நீதி: தவறைத் திருத்துமுன் மொத்தம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைப்படை என்றால் தொடாதீர்கள். ஒற்றைப்படை என்றால், புதிதாக ஒன்று செய்யுங்கள்.