தரை அதிரக் கூடாது

"இனிமே இந்த வீட்டுல யாரும் தரை அதிர நடக்கக் கூடாது" என்று அவர் அறிவித்தார்.

நிலநடுக்க ஆய்வாளர் சொன்னால் யார் மறுப்பது? ஆய்வு மையத்திலிருந்து கொண்டுவந்த நிலநடுக்கமானி, குக்கர் அளவில், படுக்கையறை மூலையில் உட்கார்ந்திருந்தது.

"அப்போ டாக்டர் தினமும் பண்ணச் சொன்ன ஸ்கிப்பிங்?" என்றாள் மனைவி.

"என்ன செய்யறது? பூமிக்கே நாடி பிடிக்கிற கருவி. நான் குதிச்சா குழம்பிடும்."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள அவர் பெரும்பாடு பட்டார். தொப்பை மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டது. அவள் மறுபேச்சில்லாமல் கயிற்றைச் சுருட்டி அலமாரியில் வைத்தாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு காலை, காப்பியும் கையுமாக அவர் கருவியின் திரையைப் பார்த்தபோது கோடு துள்ளியது.

"ஏய், ஓடி வா! இல்ல, ஓடாதே! மெல்ல வா!"

பூமியின் அந்தப் பக்கம், கடலடியில் எங்கோ பாறை முறிந்திருந்தது. அதன் அதிர்வு பூமியின் நடுவில் உருகிக் கிடக்கும் இரும்பையெல்லாம் கடந்து இந்தக் கட்டில் காலுக்கு வந்து சேர்ந்திருந்தது. பிறகு பெரிய அதிர்வலைகள் வந்தன. கோடு சாவகாசமாக ஏறியது, இறங்கியது.

"இப்போ நம்ம வீடு ஏறி இறங்குதா?" அவள் குரல் தானாகத் தாழ்ந்தது.

"வீடு, தெரு, ஊரு, எல்லாமே. நீயும் நானுங்கூட. மயிரிழை அளவு."

தம்ளரில் காப்பி அசையவில்லை. ஜன்னல் திரைச்சீலை அசையவில்லை. இருவரும் தரையில் உள்ளங்கையைப் பதித்து உட்கார்ந்தார்கள். உறங்குகிற ஒரு பெரிய உயிரின் முதுகில் குடித்தனம் நடத்துவது போலிருந்தது. இத்தனை வருஷம் இதையே படித்த அவருக்கும் உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லும் நிலையில் அவர் இல்லை.

"ஏங்க, இது நிஜமா பூமிதானா? டப்பா கெட்டுப்போய்த் தானா ஆடுதோ என்னவோ?"

அவருக்குச் சுருக்கென்றது. "டப்பாவா? பக்கத்துல ஒரு ஆள் குதிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். நாங்க அப்படித்தான் சோதிப்போம்."

"குதிச்சா குழம்பாதா?"

"சேச்சே! குதி வேற, பூமி வேற. கோட்டைப் பார்த்தாலே தெரியும்."

"எப்பப்போ சோதிக்கணும்?"

"தினமும் பண்ணினா உத்தமம்."

"நான் குதிக்கட்டுமா?"

"நீ ஒல்லி. கொஞ்சம் கனமான ஆளா இருந்தா..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவள் அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை திரையில் வரிசையாக நடுக்கங்கள் விழுந்தன. அவற்றின் மையம் எங்கே என்று சொல்ல விஞ்ஞானி யாரும் தேவைப்படவில்லை.