சீர் லாரிக்கு நான் ஊத்துன ஆயில்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். லாரிக்கு எஞ்சின் ஆயில் வாங்கணும்.

லாரின்னா என் லாரி இல்ல. என் வீட்டம்மா ஜோஸ்பினோட லாரி. மாமனார் காலத்து வண்டி. உப்பளத்துலேருந்து ஹார்பருக்கு உப்பு அடிச்சு அடிச்சு பாடியில பாதி துரு, மீதி பெயிண்ட். கல்யாணத்தப்போ மாமனார் அந்த லாரியையும் என்னையும் சேத்துத்தான் மககிட்ட ஒப்படைச்சாரு. ரெண்டுல லாரிதான் சொன்ன பேச்சைக் கேக்குதுன்னு அவ இன்னைக்கும் சொல்லுவா.

நான் ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல கணக்கு பாக்குத ஆளு. கப்பலைப் பத்தி எல்லாம் தெரியும்னு வெளியில சொல்லிக்குவேன். எனக்குத் தெரிஞ்சது கப்பலோட பில்லு மட்டும்தான்.

காலையில ஸ்கூட்டர்ல ஏறும்போதே ஜோஸ்பின் தெளிவா சொன்னா.

“ஏங்க, ஆயில் கடையில இருபது அம்பதுன்னு கேளுங்க. அண்ணாச்சி எடுத்துத் தருவாரு. சுடலை மாத்திருவான். அப்புறம் மணப்பாட்டுக்குப் போயி அக்கா மக சீரை ஏத்திட்டு, சாயங்காலம் மாப்ள வீட்டுல இறக்கணும். நான் உப்பளத்து சோலியை முடிச்சிட்டு நேரா அங்கன வந்திருதேன்.”

“இருபது அம்பது. இவ்ளோதானே!”

“இவ்ளோதான். நீங்க எதையும் யோசிக்காண்டாம்.”

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உசுப்பி விட்டுட்டு. யோசிக்காண்டாமாம்! நான் என்ன, யோசிக்கத் தெரியாதவனா?

உடனே போனை எடுத்து வீடியோ பாத்தேன். ஒரு வெளிநாட்டுக்காரன் பனிக்கு நடுவுல நின்னு விளக்குதான். ஆயில் டப்பாவுல ரெண்டு நம்பர் இருக்குமாம். முதல் நம்பர் குளிருல ஆயில் எவ்ளோ கெட்டியா இருக்கும்னு சொல்லுமாம். ரெண்டாவது நம்பர், எஞ்சின் சூடான பிறகு எவ்ளோ கெட்டியா இருக்கும்னு சொல்லுமாம். நம்பர் கூடினா கெட்டி, குறைஞ்சா தண்ணி. அவன் வண்டிக்கு அவன் ஊத்துறது 5W-30. தேன் மாதிரி ஓடுதுங்கான். ஜோஸ்பின் சொன்ன இருபது அம்பதுன்னா 20W-50, அதைவிட ரொம்பக் கெட்டி.

அவன் நிக்கிறது பனியில. நான் நிக்கிறது தூத்துக்குடியில. இங்க உப்பளப் பாத்தியில விட்ட கடல்தண்ணியே வெயில்ல உப்பா நிக்கி. அந்த வித்தியாசம் எனக்குத் தோணியிருக்கணும். தோணல.

எனக்குத் தோணுனதே வேற. போன மாசம்தான் டாக்டர் எனக்குக் கொழுப்பு கூடியிருக்குன்னு மாத்திரை எழுதினாரு. வயசாயிட்டா ரத்தம் லேசா ஓடணும், கெட்டியாகக் கூடாதுன்னாரு. வயசான எனக்கே இப்படின்னா, வயசான எஞ்சினுக்குக் கெட்டி ஆயிலா? மாரடைப்பு வந்துராதா?

பாத்தியளா, நான் எப்படி யோசிச்சிருக்கேன்னு!

கடைக்குப் போனேன். “அண்ணாச்சி, 5W-30 குடுங்க. ஃபுல் சிந்தெடிக்.”

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாத்தாரு. “யாரு வண்டிக்கு தம்பி?”

“நம்ம வண்டிக்குத்தான்.”

“புது வண்டி எடுத்திட்டியளா?”

“இல்ல, அதே வண்டிதான்.”

“ஜோஸ்பினு எப்பவும் இருபது அம்பதுதானே வாங்கும்?”

“அது அந்தக் காலம் அண்ணாச்சி. இப்ப ஆராய்ச்சியெல்லாம் மாறிட்டு.”

அவரு கண்ணாடியை மறுபடி ஏத்திக்கிட்டாரு. ரெண்டு கேனை எடுத்து வச்சாரு. விலை இருமடங்குக்கு மேல. விலை கூடுன சாமான் கெடுதல் பண்ணாதுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை உண்டு.

ஷெட்டுல டிரைவர் சுடலை பழைய ஆயிலை இறக்கிட்டு ரெடியா நின்னான். கேனைத் திறந்து விரல்ல தொட்டுப் பாத்தான்.

“அண்ணே, என்ன இது, ரசம் மாதிரி இருக்கு? நம்ம எஞ்சினுக்கு இது தாங்காதுண்ணே.”

“ஏலே, ஊத்துலே. இது லேட்டஸ்ட்.”

“அக்கா சொல்லிச்சா?”

“நான் சொல்லுதேன்லே!”

அவன் ஊத்தினான். சும்மா ஊத்தல. “நீங்கதான் சொன்னிய, நீங்கதான் சொன்னிய”ன்னு சொல்லிக்கிட்டே ஊத்தினான்.

சாவியைத் திருப்புனதும் ஒரே மூச்சுல எஞ்சின் புடிச்சுட்டு! அதுவரைக்கும் காலையில அது இருமி, கனைச்சு, காறித் துப்பித்தான் எந்திரிக்கும். எனக்கு ஒரே குஷி. எஞ்சின் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி ஜோஸ்பினுக்கு அனுப்பினேன். “எப்படி?”ன்னு ஒரு வரி வேற.

அவ ஒரு கட்டைவிரலை அனுப்பினா. பாவம், அவ சொன்ன ஆயிலைத்தான் ஊத்தியிருக்கேன்னு நெனச்சிட்டா.

முக்காணி தாண்டுற வரைக்கும் நான்தான் ராஜா. ஜன்னல்ல கையை வச்சு வாழைத் தோட்டத்தைப் பாத்துக்கிட்டே போனேன். ஆத்தூர்ல சுடலை மெதுவா ஆரம்பிச்சான்.

“அண்ணே, ஆயில் பிரஷர் முள்ளு படுக்குது.”

“வண்டி ரிலாக்ஸா ஓடுதுலே. பிரஷர் குறையறது நல்லதுதானே? எனக்கும் பிரஷர் குறையணும்னுதான் டாக்டர் சொல்லுதாரு.”

சுடலை என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே! நல்லவேளை, ரோடு நேரா இருந்துச்சு.

திருச்செந்தூர் வந்தப்போ கண்ணாடியில பாத்தேன். பின்னால நீல நிறத்துல லேசா புகை. குலசேகரன்பட்டினத்துல அது லேசா இல்ல.

மணப்பாட்டுல ஜோஸ்பினோட அக்கா, அதான் என் மச்சினியா, வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினோம். எஞ்சினுக்கு அடியில சொட்டுச் சொட்டுன்னு ஒழுகுது. பழைய சீலு, பழைய கேஸ்கெட்டு. கெட்டி ஆயில் இருந்தவரைக்கும் எப்படியோ மானத்தைக் காப்பாத்துச்சு. இந்தத் தண்ணி ஆயில், கிடைச்ச சந்து வழியா எல்லாம் வெளியில வந்துட்டு.

ஆளுங்க பீரோ, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின்னு ஏத்துதாங்க. சுடலை உள்ள உக்காந்து சீலா மீன் குழம்பு சாப்பிடுதான். நான் அளவுக்கம்பியை எடுத்துப் பாத்தேன். நுனியில பேருக்குக் கொஞ்சம் ஆயில் ஒட்டியிருக்கு. அவ்ளோதான். மீதியெல்லாம் புகையாயும் பொட்டாயும் ரோட்டோட போயிட்டு.

இந்த இடத்துல புத்தி உள்ள மனுசன் என்ன பண்ணுவான்? ஜோஸ்பினுக்குப் போன் பண்ணுவான்.

நான் கடற்கரைப் பக்கம் கடைக்குப் போனேன்.

“அண்ணாச்சி, எஞ்சின் ஆயில் இருக்கா?”

“மீன்பிடி வள்ளத்து மோட்டாருக்கு மண்ணெண்ணெயில கலப்பாங்கல்லா, அந்த ஆயில்தான் இருக்கு. எரியுறதுக்குன்னே செஞ்ச ஆயில். உங்களுக்கு எதுக்கு?”

“எஞ்சினுக்குத்தான்.”

“அப்ப சரி.”

கடைக்காரர் மேல தப்பே இல்ல. லாரி எஞ்சின்னு நான் சொல்லலியே! எரியுறதுக்குன்னே செஞ்ச ஆயில்னு அவரு சொன்னதையும் நான் காதுல வாங்கலியே! வாங்கிட்டு வந்து, யாரும் பாக்குறதுக்கு முந்தி கடகடன்னு ஊத்தி மூடிட்டேன். சுடலைகிட்ட மூச்சு விடல.

திரும்பி வரும்போது எங்களுக்குப் பின்னால ரோடே இல்ல. நெசமாத்தான் சொல்லுதேன். கண்ணாடியில பாத்தா வெள்ளையா ஒரு திரை. அதுக்குள்ளேருந்து ஹாரன் சத்தம் மட்டும் வருது. ஒரு பஸ் டிரைவர் முந்திப் போகும்போது தலையை வெளிய நீட்டி என்னமோ கேட்டாரு. வார்த்தை கேக்கல. வாயசைவே போதுமா இருந்துச்சு.

இப்ப மாப்ள வீட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மாப்ளயோட அம்மா ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. நிச்சயத்தன்னைக்கு லட்டைக் கையில எடுத்து உருட்டிப் பாத்து, “உருண்டையா இல்லையே”ன்னு சொன்னவங்க. அதுலேருந்தே மச்சினியாவுக்குத் தூக்கம் கிடையாது. சீர் போறது மட்டுமாவது குறை இல்லாம போகணும்னு மாதாவுக்கு மெழுகுதிரி வேற ஏத்தியிருந்தா.

அந்தச் சீரைத்தான் நான் புகை போட்டுக் கொண்டாரேன்.

மாப்ள வீடு தூத்துக்குடி பீச் ரோட்டுக்குப் பக்கத்துல, குறுகலான தெரு. பொழுது சாயுத நேரம். லாரி உள்ள நுழைஞ்சதும் ஒரு பொம்பளை சத்தம் போட்டா.

“ஏளா, கொசு மருந்து வண்டி வந்துட்டு! குழம்பை மூடு!”

அவ்ளோதான். தெரு முழுக்க ஜன்னல் சாத்துது, பானையை மூடுது. பொடிசுங்க எல்லாம் ‘ஓ’ன்னு கத்திக்கிட்டு லாரிக்குப் பின்னாலயே ஓடி வருது. கைலிச் சாரம் கட்டுன ஒரு பெரியவர் குறுக்க கையை நீட்டி மறிச்சாரு.

“எத்தனை தடவை சொல்லியாச்சு! இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா? எங்க வீட்டுக்குப் பின்னாடி சாக்கடை இருக்கு. அங்கன ரிவர்ஸ் எடுத்து நல்லா அடிங்க.”

“அண்ணாச்சி, இது...”

“பேசாதிய. அடிங்க!”

இன்னொருத்தர், வெள்ளை வேட்டி, எங்கேருந்தோ வந்து புகைக்குள்ள நின்னு செல்பி எடுத்தாரு. “நான் சொல்லித்தான் அனுப்பியிருக்காங்க”ன்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாரு!

சுடலை ஸ்டியரிங் மேல தலையை வச்சுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கான். எனக்கும் சிரிப்பு வந்துட்டு. அடக்க அடக்க வருது. அப்பதான் மாப்ள வீட்டு வாசல்ல சம்பந்தியம்மா நிக்கிறதைப் பாத்தேன். சிரிப்பு நின்னுட்டு.

எஞ்சினை அணைச்சோம். மூக்கைச் சேலையால பொத்திக்கிட்டு அவங்க கேட்டாங்க.

“சீர் வண்டி எங்க?”

“இதாம்மா.”

“புகையா இருக்கே?”

என் வாயி, என்னைக் கேக்காமலே பேசிச்சு. “கொசு மருந்து வண்டி எங்களுக்கு முன்னால போச்சும்மா. அதுக்குப் பின்னால மாட்டிக்கிட்டோம்.”

“ஓகோ” அப்படின்னாங்க. நம்பிட்டாங்க! புகையும் கலைஞ்சுட்டு. பீரோவும் கட்டிலும் சிராய்ப்பு இல்லாம இறங்குச்சு. காப்பி வந்துச்சு. காலு மேல காலு போட்டு உக்காந்தேன். ஜோஸ்பினும் வந்துட்டா. எல்லாம் சுபம்.

“தம்பி, லாரியை மட்டும் கொஞ்சம் முன்னால தள்ளிப் போடச் சொல்லுங்க. பையன் பைக் உள்ள வரணும்”னாங்க சம்பந்தியம்மா.

நான் “சுடலை, வேண்டாம்!”னு கத்துறதுக்குள்ள அவன் சாவியைத் திருப்பிட்டான்.

பொஃப்!

மொத்தப் புகையும் திறந்த வாசல் வழியா நேரா நடு வீட்டுக்குள்ள. யாரு மூஞ்சியும் யாருக்கும் தெரியல. புகைக்குள்ளேருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் குரல் மட்டும் வருது.

“முன்னால போன வண்டின்னு சொன்னீங்க?”

புகை கலையாமலே இருந்துட்டா எவ்ளோ நல்லாருக்கும்னு நெனச்சேன்.

ஜோஸ்பின் நேரா லாரிக்குப் போனா. அளவுக்கம்பியை உருவி, விரல்ல தேச்சு, மோந்து பாத்தா.

“என்ன ஊத்துனிய?”

“அஞ்சு முப்பது.”

“அது மட்டுமில்ல. வள்ளத்து ஆயில் வாசம் அடிக்கு.”

“அது... மேல கொஞ்சம்.”

“நான் என்ன சொன்னேன்?”

“இருபது அம்பது.”

“நீங்க என்ன பண்ணுனிய?”

“யோசிச்சேன்.”

தெருவே நின்னு வேடிக்கை பாக்குது. மருந்து அடிக்கச் சொன்ன பெரியவர் மெதுவா நழுவுறாரு. நான் சம்பந்தியம்மாவைப் பாத்தேன். அவங்க தோள் குலுங்குது. அழுவுதாங்களோன்னு பயந்துட்டேன். சிரிக்காங்க! லட்டைக் குறை சொன்ன அதே அம்மா, தூணைப் புடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிக்காங்க.

“ஏளா ஜோஸ்பினு, உனக்கும் இப்படி ஒண்ணுதானா? எங்க வீட்டுல ஒருத்தரு வாஷிங் மெஷினை நானே சரி பண்ணுதேன்னு பிரிச்சாரு. அது இப்ப மொட்டை மாடியில கறிவேப்பிலை வைக்கிற தொட்டி!”

அந்த ஒருத்தரு, மாப்ளயோட அப்பா, அதுவரைக்கும் மூலையில பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. எந்திரிச்சு வந்து எனக்கு ஒரு நாற்காலி போட்டுட்டு, பக்கத்துலயே உக்காந்துட்டாரு. அந்த வீட்டுல எனக்கு ஒரு ஆளு இருக்குன்னு தெரிஞ்சுது.

பொம்பளைங்க ரெண்டு பேரும் ராத்திரி சாப்பாடு வரைக்கும் எங்களைப் பத்தியே பேசினாங்க. சிரிப்புச் சத்தம் தெருமுனை வரைக்கும் போச்சு.

லாரி அன்னைக்கு அந்தத் தெருவுலயே கிடந்துச்சு. மறுநாள் சுடலை மொத்தத்தையும் இறக்கிட்டு இருபது அம்பது ஊத்தினான். சாவியைத் திருப்பினான். பழையபடி இருமி, கனைச்சு, காறித் துப்பி எந்திரிச்சுது. முள்ளு மேல ஏறுச்சு. புகையும் வீட்டுக்கு அடங்கின பிள்ளை மாதிரி ஒழுங்கா வந்துச்சு.

“இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தா எஞ்சின் இறுகிப் போயிருக்கும்ணே”ன்னு சுடலை சொன்னான். எங்க வீட்டுல உலை கொதிக்கிறது அந்த எஞ்சின்லதான். என் சம்பளம் தாளிக்க ஆகும், அவ்ளோதான்.

ஜோஸ்பின்கிட்ட போயி, “மன்னிச்சுக்கோ, தெரியாம பண்ணிட்டேன்”னேன்.

“தெரியாம பண்ணலைங்க. தெரியும்னு நெனச்சுப் பண்ணிட்டிய”ன்னா.

கல்யாணம் ஜாம்ஜாம்னு நடந்துச்சு. சம்பந்தியம்மா என்னை அவங்க சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாங்க. என் பேரை மட்டும் யாருகிட்டயும் சொல்லல. “கொசு மருந்து சித்தப்பா”ன்னுதான் சொன்னாங்க.

ஆயில் வாங்க இப்பவும் நான்தான் போறேன். ஆனா நான் போய்ச் சேருறதுக்கு முன்னாலயே ஜோஸ்பின் போன் கடைக்குப் போயிருது.

“அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு வாராரு. அவரு என்ன கேட்டாலும் குடுத்துறாதிய.”