மூக்கரின் ஜக்கெற்றில் குந்தியிருந்தேன்

மொன்றியலில் மூக்கர் இடையில் எழும்பிப் போகாத தமிழ்ச் சாப்பாட்டு மேசை கிடையாது. எங்கள் வீட்டு மேசையும் சேர்த்துத்தான்.

மூக்கு பெரிதில்லை. சாதாரண மூக்கு. அது செய்த வேலைதான் பெரிது. ஒருமுறை கொதித்த எண்ணெயில் இன்னொருமுறை பொரித்தால் அவருக்குத் தெரியும். தெரிந்தால் சாப்பிடமாட்டார். குறை சொல்லவும் மாட்டார். எழும்பிக் கை கழுவுவார். "அப்ப வாறன்" என்பார். போய்விடுவார்.

கோடையில் என்றால் பரவாயில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போகிற அலுவல். பனிக்காலத்தில் அது பெரிய தண்டனை. வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நூல் கட்டுவார். சால்வை சுற்றுவார். ஜக்கெற், தொப்பி, கையுறை. எல்லாம் ஆறுதலாக. வீட்டுக்காரர் கரண்டியும் கையுமாக நின்று பார்க்கவேண்டும். கதவு சாத்தின பிறகுதான் மூச்சு வரும்.

அவரும் நானும் டோர்வலில், விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. நான் தட்டுக் கழுவுகிற பக்கம். அவர் சாப்பாடு அடுக்குகிற பக்கம். அடுக்குவாரே தவிர, ஒரு நாளும் வாயில் வைத்ததில்லை. "மேல போற சனம் பாவம்" என்று மட்டும் சொல்லுவார்.

ஒருமுறை கர்க்லாண்டில் ஒரு வீட்டில், பிள்ளை கோயிலில் முதல்நன்மை வாங்கின கொண்டாட்டம். பெரிய வீடு. புதுக் குசினி. பொரித்த றோல்ஸ் வந்தது. மூக்கர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"தங்கச்சி, இந்த எண்ணையில மீன் பொரிச்சனீங்களோ?"

"சீ, என்ன அண்ணை! இவருக்குக் கொலஸ்ரோல். இந்த வீட்டில பொரியலே இல்லை. இண்டைக்கு மட்டும்தான்."

"முந்தநாள் பொரிச்சிருக்கு. சூடை மீன்."

எல்லாரும் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார். மனைவி வேலைக்குப் போன நேரம் ஆள் தனிய நின்று பொரித்துத் தின்றிருக்கிறார். எண்ணெயைத் திரும்பப் போத்தலில் விட்டு வைத்தும் இருக்கிறார். கேக் வெட்டின படத்தில் பாருங்கள். புருசன் ஒரு கரை, மனைவி மறுகரை.

மூக்கரின் மனைவி திரேசா அக்கா ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதும் இதுதான். ஃபாதர் நோயில்பூசுதல் கொடுக்க வந்தார். ஒலிவ எண்ணெய்ச் சிமிழைத் திறந்து, பெருவிரலில் தொட்டு, அக்காவின் நெற்றியில் சிலுவை போட்டார். நாங்கள் முழங்காலில் நின்றோம். மூக்கர் எழும்பினார். ஃபாதரின் கையைப் பிடித்துச் சிமிழை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"புது எண்ணைதான், ஃபாதர்."

ஃபாதர் என்ன சொல்லுவார்? "ஓம்" என்றார். என் மனைவி வெட்கத்தில் முகத்தைப் பொத்திக்கொண்டா. அந்தக் கதை கோயில் முழுக்கப் போனது. நானும் சிரித்தவன்தான்.

அடுத்த வருசம் மூக்கரின் மகள் அனிற்றாவுக்கு லொங்குய்யில் ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளையின் தாய் வடை சுட்டு வைத்திருந்தா. மூக்கர் மோந்தார். எழும்பினார். சப்பாத்து நூல் கட்டத் தொடங்கினார்.

"இண்டைக்கு வடையை மோந்தவர் நாளைக்கு வந்து என்ர வீட்டை மோந்து பாப்பார்" என்றா அந்த மனுசி. அவர் மற்றச் சப்பாத்தைப் போடமுதல் சம்பந்தம் முடிந்தது. அனிற்றா தகப்பனோடு கதைக்கவில்லை. பேந்து கதைத்தாள். அவளுக்கும் வேறு ஆள் இல்லையே.

போன மார்கழியில் அனிற்றா என்னிடம் வந்தாள். மத்தேயோ என்று ஒரு பெடியனை விரும்புகிறாளாம். ஸ்பானியச் சனம். தாய் தகப்பன் இங்கே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கினம். ஞாயிறு மத்தியானம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கினமாம்.

"நல்லதுதானே பிள்ளை."

"மாமா, அவையின்ர மேசையில இருந்து எழும்பிப் போறது செருப்பால அடிக்கிற மாதிரி. ஒரு சித்தப்பா அப்படிப் போனவராம். மத்தேயோவின்ர அம்மா இன்னும் அவரோட கதைக்கிறேல்லை. அப்பா எழும்பினா இதுவும் முடிஞ்சுது. நீங்கள் பக்கத்தில இருங்கோ. எழும்ப விடாதேங்கோ."

"ஓம்" என்றேன். பேந்துதான் யோசித்தேன்.

கடையில் சப்பாத்துக் கழற்றுவதில்லை. ஜக்கெற்றை எடுத்தால் போதும், ஆள் வெளியே. நூல் கட்டுகிற நேரத்தில் கையைக் காலைப் பிடிக்கிற வசதியும் இல்லை.

காரில் போகும்போது அனிற்றா மெல்லச் சொன்னாள். "அப்பா, அவை எல்லாம் ஒலிவ் எண்ணையிலதான் சமைக்கிறவை."

"ஒலிவ எண்ணையிலயோ?"

"ஓம். பொரியல், கறி, பாண் எல்லாத்துக்கும் அதுதான்."

"அது கோயில் சாமானெல்லோ."

"கடையில விக்குது அண்ணை. எல்லாரும் வாங்கினம்" என்றேன்.

"விக்கும். நான் வாங்கிறேல்லை."

அதுக்குப் பிறகு அவர் யன்னலால் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

சின்னக் கடை. பத்து மேசை இருக்கும். உள்ளே கால் வைத்ததும் எண்ணெய் மணமும் உள்ளி மணமும் முகத்தில் அடித்தது. மூக்கர் வாசலில் நின்றுவிட்டார். நான் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஜக்கெற்றைக் கழற்றித் தந்தார். ஜக்கெற் கொழுவ வாசலில் தடி இருந்தது. நான் கொழுவவில்லை. கதிரையில் போட்டு அதற்கு மேல் குந்திவிட்டேன்.

மண் சட்டியில் இறால் வந்தது. எண்ணெய் கொதித்துக்கொண்டே வந்தது. உருளைக்கிழங்கு எண்ணெயில் கிடந்தது. முட்டை எண்ணெயில் மிதந்தது. மீனை எண்ணெயிலேயே அவித்திருந்தார்கள். கடைசியில் ஐஸ்கிறீமுக்கும் மேலே எண்ணெய் விடுவார்களாம். மத்தேயோ பெருமையாகச் சொன்னான். நான் மூக்கரைப் பார்க்கவில்லை. பயம்.

மத்தேயோவின் தகப்பன் ஒரு சின்னத் தட்டில் பச்சை எண்ணெய் விட்டு மூக்கருக்கு முன்னால் வைத்தார். பக்கத்தில் பாண். அவர்கள் வழக்கம் அது. விருந்தாளி முதல் துண்டைத் தோய்த்துத் தின்னவேண்டும். அதுவரை வேறு ஒருவரும் கை வைப்பதில்லை. குசினியிலிருந்து தாயும் வந்தா. உயரமான மனுசி. கையைத் துடைத்துக்கொண்டு மூக்கருக்கு நேரே நின்றா.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சட்டியில் எண்ணெய் மட்டும் சத்தம் போட்டது.

மூக்கர் பாணைத் தொடவில்லை. தட்டைத் தூக்கினார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். வழக்கமாக ஒரு இழுப்பு. அவ்வளவுதான் அவருக்கு வேணும். இந்தமுறை தட்டு இறங்கவில்லை. கண்ணை மூடினார். இன்னும் இழுத்தார்.

"என்னவாம்?" என்று தாய் பிரெஞ்சில் கேட்டா. மத்தேயோ அனிற்றாவைப் பார்த்தான். அனிற்றா என்னைப் பார்த்தாள்.

மூக்கர் எழும்பினார்.

நான் அவருடைய சேட்டு நுனியைப் பிடித்தேன். "அண்ணை, இருங்கோ."

"விடு."

"பிள்ளையின்ர வாழ்க்கை அண்ணை. இருங்கோ."

"விடடா."

"ஜக்கெற் என்னட்டைக் கிடக்கு. வெளியில போகேலாது."

"ஜக்கெற் வேண்டாம்."

அதுதான் என்னை உலுக்கினது. வெளியே பல்லுக் கிட்டுகிற குளிர். இந்த மனுசன் ஜக்கெற் வேண்டாம் என்கிறார் என்றால் கதை முடிந்தது. கை தானாக விட்டது. தாயின் முகம் கல்லாகிவிட்டது. அனிற்றா குனிந்துவிட்டாள்.

மூக்கர் தட்டையும் கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். வாசல் வலப்பக்கம். அவர் இடப்பக்கம் திரும்பினார். அனிற்றாவுக்கு முன்னால் நின்றார்.

"நிமிரு பிள்ளை."

அவள் நிமிர்ந்தாள்.

"அம்மாவின்ர நெத்தியில ஃபாதர் பூசினது இதுதான். அதே மணம்." குரல் மாறவில்லை. றோல்ஸைப் பற்றிச் சொல்லுகிற குரல்தான். "அதுக்குப் பிறகு நான் இதை வீட்டுக்குள்ள எடுக்கேல்லை."

பெருவிரலை எண்ணெயில் தொட்டார். அவள் நெற்றியில் சிலுவை போட்டார். எங்கள் சனம் பிள்ளையைக் கலியாணத்துக்கு அனுப்புகிற நாளில் வெறும் விரலால் போடுகிற சிலுவை. அதை எண்ணெயால் போட்டார். பிறகு மத்தேயோவைப் பார்த்தார். அந்தப் பெடியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் தலையைக் குனிந்தான். அவனுக்கும் போட்டார்.

அனிற்றா அழுதுகொண்டு மத்தேயோவின் தாய்க்கு எல்லாத்தையும் பிரெஞ்சில் சொன்னாள். மனுசி கேட்டுக்கொண்டு நின்றா. பேந்து மேசையைச் சுற்றி வந்து மூக்கருக்கு முன்னால் தன் நெற்றியைக் காட்டினா. அவ்வளவு உயரம் அவருக்கு எட்டவில்லை. குனிந்து கொடுத்தா. பிறகு புருசன் வந்தார். பரிமாறுகிற பெடியன் வந்தான். பக்கத்து மேசைக் கிழவி ஒன்றும் என்ன ஏதென்று கேட்காமல் வரிசையில் நின்றுவிட்டா.

மூக்கர் வந்து தன் கதிரையில் இருந்தார். பாணைத் தோய்த்துத் தின்றார்.

"எண்ணை புதுசு" என்றார். "எழும்பு. ஜக்கெற்றைத் தா. குளிருது."

ஜக்கெற் கசங்கிப் பப்படமாகக் கிடந்தது. போட்டுக்கொண்டு எல்லாம் சாப்பிட்டார். ஐஸ்கிறீமும் சாப்பிட்டார். கடைசியில் என் காதில் சொன்னார்.

"மீன் சரி. முட்டை சரி. உருளைக்கிழங்குதான் ரெண்டாந்தரம் கொதிச்ச எண்ணை."

"என்னவாம்?" என்று தாய் திரும்பவும் கேட்டா.

"நல்லா இருக்காம்" என்றாள் அனிற்றா.

கோடையில் கலியாணம் நடந்தது. மண்டபத்தில் பொரித்த பற்றிஸ் வந்ததும் மூக்கர் மோந்து பார்த்தார். எழும்பினார். "அப்ப வாறன்" என்றார். பெண்ணின் தகப்பன், சொந்த மகளின் கலியாணம். மத்தேயோவின் தாய் தட்டில் கொஞ்சம் பாணும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஓடினா.

எங்கள் வீட்டுக்கு இப்பவும் வருவார். இப்பவும் எழும்பிப் போவார். என் மனைவி ஏசுவா. நான் ஏசுவதில்லை.

எனக்கும் ஒரு நாள் வரும். ஃபாதர் வந்து அந்தச் சிமிழைத் திறப்பார். எனக்குப் பூசமுதல் மூக்கர் அதை ஒருக்கால் மோந்து பார்க்கவேணும். "புதுசுதான்" என்று அவர் சொன்னால் நான் நிம்மதியாகப் போவேன்.