நான் வந்தால்தான் எழும் சர்வர்

ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளாமலே அதில் கெட்டிக்காரன் என்று பெயரெடுக்க முடியும். நான் எடுத்திருக்கிறேன்.

ஜமுனாமரத்தூரில் சாமை கொள்முதல் செய்யும் ஒரு சங்கத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆள் நான். விவசாயிகளுக்கு டோக்கன் போடும் மென்பொருளை லினக்ஸ் சர்வரில் ஏற்றி, மூன்று மாதம் தகராறில்லாமல் ஓட்டிக் காட்டினால் வேலை நிரந்தரம். (வீட்டில் அதற்குள் பெண் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள்.)

இடிக்குப் பயந்து, மாலையில் சங்கத்தைப் பூட்டும்போது மெயினையே அணைத்துவிடுவது அங்கே வழக்கம். ஆகவே காலையில் சர்வருக்கு உயிர் வந்ததும் மென்பொருள் தானாக ஓட வேண்டும். எங்கோ படித்து, ஒரு கோப்பில் இரண்டு வரி எழுதினேன். சர்வரை அணைத்து மறுபடி போட்டேன். பாஸ்வேர்டு அடித்து உள்ளே போனேன். ஓடியது! பெருமை பிடிபடாமல் செங்கத்துக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை செயலாளர் கஸ்தூரி அக்காவின் போன். "இன்னா தம்பி, டோக்கன் வர்ல. மூட்டையோட ஜனம் நிக்குது!"

அலறியடித்துக்கொண்டு மலையேறி, பாஸ்வேர்டு அடித்து உள்ளே போய்ப் பார்த்தால் ஓடுகிறது.

"நல்லாத்தானே ஓடுதுங்கக்கா?"

"இப்ப ஓடுது. காலைல செத்துக் கெடந்துச்சே!"

அடுத்த நாளும் அதே கதை. நான் போனால் ஓடும், போகாவிட்டால் ஓடாது. வயரை மாற்றினேன், மேசையை மாற்றினேன், ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார். "உனுக்குக் கைராசி தம்பி. தெனம் வந்து தொட்டுட்டுப் போய்டு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அதை நம்பினேன். இரண்டு மாதம் தினமும் முதல் பஸ்ஸில் போய்த் தொட்டேன்.

ஒருநாள் மலைப்பாதையில் பஸ் பழுதாகி நின்றது. வேறு வழியில்லாமல் போனிலேயே அக்காவிடம் என் பாஸ்வேர்டைச் சொன்னேன்.

"அய்ய, ஓடுது தம்பி! உன் கையே வேணாம், உன் பேர்ல உள்ள போனாலே ஓடுது. மிஷின் எழுந்தா ஓடறாப்பல எழுதச் சொன்னா, நீ நுழைஞ்சா ஓடறாப்பல எழுதி வெச்சிருக்கியா?"

அதேதான். நான் எழுதிய கோப்பு, நான் லாகின் செய்யும்போது மட்டும் சர்வர் படிப்பது. அன்றைக்கே அந்த வரிகளை எடுத்துவிட்டு, மிஷின் பூட் ஆகி எழும்போதே தானாகத் தொடங்கும் சர்வீஸாக அமைத்தேன். மறுநாள் நான் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்க, அங்கே டோக்கன் வந்துகொண்டே இருந்தது.

மூன்றாம் மாதக் கடைசியில் சங்கக் கூட்டம். "அதான் தானா ஓடுதே, ஆளு எதுக்கு?" என்றார் தலைவர். அக்கா எவ்வளவோ வாதாடினார், பலிக்கவில்லை.

இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். பழைய வேலை ஏன் போயிற்று என்று உறவுக்காரர்கள் கேட்டால், என் மனைவி முந்திக்கொண்டு சொல்வாள்:

"தப்பா செஞ்ச வரைக்கும் இருந்துச்சுங்க. ஒரே ஒரு நாள் சரியா செஞ்சாரு, போய்டுச்சு."