மூக்கைப் பிடித்துக் குடித்த காடு

ஒரு காட்டில் ஒரு மந்தி இருந்தாள். அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான், இடுப்பை விட்டு இறங்காத ஒரு குட்டி இருந்தது, சாயங்காலம் ஆனால் ஒரு தாகமும் இருந்தது. முதல் இரண்டும் காட்டுக்கே தெரியும். மூன்றாவதை வெளியே சொல்லக்கூடாது என்று புருஷன் மொக்கச்சாமி சொல்லி வைத்திருந்தான்.

மந்தியின் பேர் ஒச்சம்மா. குட்டிக்குப் பால் மறந்து, பல் முளைத்து, கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் பார்க்கிற வயசு. பகல் முழுக்க அதன் பின்னால் கிளை கிளையாகத் தாவி ஓய்ந்த பிறகு அரை டம்ளர் பீர் உள்ளே போனால்தான் அவளுக்கு வால் தன் வாலாகத் தெரியும்.

"பொம்பளைக்கு எதுக்குடி பீரு?" என்று மொக்கச்சாமி ஒரு தடவை கேட்டான்.

"ஒரு நாள் பகல் பூரா இத நீ வச்சுக்க. சாயங்காலம் வந்து நீயே சொல்லு, எதுக்குன்னு" என்று குட்டியைத் தூக்கி அவன் தலையில் உட்கார வைத்தாள். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. தான் வாங்குகிற பாட்டிலில் பாதியை மறைத்து எடுத்து வந்து கொடுத்துவிடுவான்.

அந்தக் காட்டில் பீர் என்றால் ஒன்றே ஒன்றுதான். பேர் 'வீரசிங்கம்'. கடை ராஜாவுடையது. லேபிளில் ராஜா படம், இப்போதுதான் சலூனில் பிடரியைச் சீவிவிட்டு எழுந்து வந்தது மாதிரி. கம்பி வலைக்குப் பின்னால் ஓநாய் உட்கார்ந்திருக்கும். கூலிங் இருக்கா என்று கேட்டால், "வெயில்தான் இருக்கு, வேணுமா?" என்னும்.

வீரசிங்கத்தின் வாசனை இப்படி இருக்கும்: மழையில் நனைந்த சாக்கு, அதில் எருமை படுத்து எழுந்திருக்கிறது. ருசியைப் பற்றி எருமையே புகார் சொல்லும். அதனால் பீர் குடிக்க அந்தக் காட்டில் ஒரு முறை இருந்தது. கண்ணை மூட வேண்டும். மூக்கைப் பிடிக்க வேண்டும். ஒரே மடக்கில் கவிழ்த்துவிட்டு, தலையை ஒரு உதறு உதறி, உடனே ஊறுகாயை நக்க வேண்டும். கரடிக்குக் கை இருக்கிறது, பிடித்துக்கொள்ளும். எருமைக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்று மூக்கைப் பிடித்துவிட வேண்டும். யானை தும்பிக்கையில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து நிற்கும், மற்றவர்கள் ஊற்றுவார்கள். குட்டிகள் வயசுக்கு வந்தால் அப்பன்மார்கள் முதலில் கற்றுக்கொடுப்பதே மூக்குப் பிடிக்கத்தான்.

இப்படி எல்லாரும் நிம்மதியாகக் கஷ்டப்பட்டுக் கொண்டிருந்த காலத்தில், அருவிப் பாறைக்குக் கீழே சன்னாசி என்கிற மரநாய் ஒரு கடை போட்டான். 'கையால் காய்ச்சிய பீர்' என்று பலகையும் மாட்டினான். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, பதமாக வறுத்து, வேப்பம்பூவும் நாரத்தைத் தோலும் போட்டுக் காய்ச்சி, மண்பானையில் ஊற்றி அருவிக்கரை ஈர மணலில் புதைத்துவிடுவான். அது தானாகப் பொங்கி அடங்குகிற வரைக்கும் பக்கத்திலேயே படுத்துக் கிடப்பான்.

புதுக்கடை என்றதும் காடே திரண்டு வந்தது. வரும்போதே கையில் ஊறுகாயோடு வந்தது. வந்தவர்கள் கண்ணை மூடினார்கள், மூக்கைப் பிடித்தார்கள், கவிழ்த்தார்கள், உதறினார்கள், நக்கினார்கள்.

"எப்படி இருக்கு?" என்று சன்னாசி ஆசையாகக் கேட்டான்.

"மாங்கா ஊறுகா நல்லா இருக்கு" என்றது கரடி.

"பீரு?"

"பீரு பீரு மாதிரிதான்யா இருக்கு. இதுல ராஜா படங்கூட இல்ல" என்றது எருமை. மறுநாள் எல்லாரும் பழையபடி ஓநாய் கடை வெயிலில் போய் நின்றுகொண்டார்கள்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. குடிமக்கள் சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள் என்பதால் ஓநாய் கடைக்கு லீவு. மொக்கச்சாமி முந்தின நாளே பாட்டில் வாங்கி வைக்க மறந்துவிட்டான். ஒச்சம்மாவுக்கு வந்த கோபத்தில் அவன் உச்சாணிக் கிளைக்குப் போய்விட்டான். அவள் குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தேக்கிலையில் ஊறுகாயை மடித்துக்கொண்டு, அருவிக்கு நடந்தாள்.

"அண்ணே, ஒரு டம்ளர் ஊத்துங்க."

சன்னாசி ஒரு ஆளைப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. பதறிப்போய் ஊற்றிக் கொடுத்தான். ஒச்சம்மா ஒரு கையில் டம்ளரை வாங்கினாள். இன்னொரு கையில் குட்டி. அது டம்ளரைப் பிடுங்கப் பாய்கிறது, விட்டால் தண்ணீரில் விழும். மூக்கைப் பிடிக்கக் கை இல்லை. ஊறுகாயைத் தேடினால், அதைக் குட்டி இலையோடு தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது.

"அண்ணே, கோவிச்சுக்காம என் மூக்கக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?"

"அடுத்தவன் பொண்டாட்டி மூக்கப் பிடிச்சேன்னு நாளைக்குக் காட்டுல பேச்சாகும் தாயி. என்னால ஆகாது."

வேறு வழி இல்லை. கண்ணை மட்டும் இறுக்க மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று உதட்டில் வைத்தாள்.

முதலில் மூக்குக்குத்தான் தெரிந்தது. குட்டிக்குக் கூழ் காய்ச்ச அவள் கேழ்வரகை வறுப்பாளே, அந்த வாசம். யாரோ தூரத்தில் நாரத்தையை உரிக்கிற வாசம் அதன் மேலேயே வந்தது. பிறகு நாக்கில் சில்லென்று ஒரு சின்னக் கசப்பு. வேப்பம்பூ ரசத்தில் கடைசியாக ஒட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி செல்லமான கசப்பு. முழுங்கிய பிறகும் போகாமல் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கிற விருந்தாளி மாதிரி அது தொண்டையிலேயே நின்றது. ஒச்சம்மா கண்ணைத் திறந்தாள். இன்னொரு வாய் குடித்தாள். கன்னத்தில் ஒதுக்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு இறக்கினாள். சிரிப்பு வந்துவிட்டது.

"இம்புட்டு நாளு நாங்க குடிச்சது என்னதுண்ணே அப்ப?"

சன்னாசி மூக்கை உறிஞ்சினான். "என் சரக்கக் குடிச்சுட்டு மூஞ்சியச் சுளிக்காத முத ஆளு நீதான் தாயி. என்ன செய்ய, அமாவாசையோட கடைய மூடிட்டு அடுத்த காட்டுக்குப் போறேன். வாங்க ஆளு இல்லாம எதுக்குக் காய்ச்ச?"

ஒச்சம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் நாக்கு என்று ஒன்று வாயில் இருப்பதே தெரிந்தது. அமாவாசைக்கு அப்புறம் திரும்பவும் ஈரச்சாக்கா? "நீங்க எங்கயும் போக வேணாம். ஒரு பானைய மட்டும் எங்கிட்டக் குடுங்க" என்றாள்.

மறுநாள் ஓநாய் கடை வரிசைக்குப் பானையோடு போனாள். வெயிலில் நிற்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை, இலவசம் என்றதும் சூழ்ந்துகொண்டார்கள். கரடி ஒரு கையில் கொட்டாங்கச்சியை வாங்கி, மறு கையை மூக்குக்குக் கொண்டுபோனது.

"பெரியய்யா, குட்டிய ஒரு நிமிசம் பிடிங்க. வாலு சுளுக்கிருச்சு" என்று அந்தக் கையில் குட்டியைத் திணித்தாள்.

பெற்றவள் பிள்ளையை நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல எந்தக் காட்டில் யாரால் முடியும்? கரடி முழித்தது. ஒரு கையில் பீர், ஒரு கையில் பிள்ளை. "ஊறுகா?" என்றது பரிதாபமாக.

"எடுக்குறேன், எடுக்குறேன். நீங்க குடிங்க."

கரடி குடித்தது. அப்படியே நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எங்கப்பன் இதக் குடிக்காமயே செத்துட்டானே" என்று தேம்பியது. குட்டி அடுத்து எருமையின் மூக்கின்மேல் உட்கார்ந்தது. அதற்கடுத்து யானைத் தும்பிக்கையில் ஊஞ்சலாடியது, முடிச்சுப் போட முடியாமல் யானை தவித்துப்போய் வாயைத் திறந்தது. பொழுது சாய்வதற்குள் ஓநாய் கடை வரிசை அருவிக்கு இடம் மாறிவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல கதை. நரி வந்துவிட்டது.

நரிக்கு ஒரு செல்போன் இருந்தது, அதில் நரி சொல்வதைக் கேட்கக் காடு முழுக்க ஆள் இருந்தது. கொட்டாங்கச்சியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, மோந்து, வானத்தைப் பார்த்துப் பேசியது. "முதல் வாயில் நாரத்தை. நடு நாக்கில் கோடை மழைக்கு முந்தின மண். இறங்கும்போது ஒரு மெல்லிய சோகம்." அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காட்டில் யாரும் பீர் குடிக்கவில்லை, எல்லாரும் பீரைப் பற்றிப் பேசினார்கள். சுவரொட்டியைப் பசையோடு தின்று வளர்ந்த எருமை, "போன பானையில வறுப்பு ஒரு சுற்று கூடிப்போச்சு" என்றது. மொக்கச்சாமி வீட்டில் குடிக்கிற தண்ணீரைக்கூட டம்ளரில் சுழற்றி, "பாறை வாசம் முன்னாடி நிக்குது புள்ள" என்றான். அடுத்த காட்டிலிருந்து மான்கள் கூட்டமாக வந்து பாறை முன் நின்று படம் பிடித்துக்கொண்டன. டோக்கன் முறை வந்தது.

ஒச்சம்மா தினமும் போய் நின்றாள். அவள் முறை வரும்போது பானை காலி. ஒரு நாள் எப்படியோ முன்னால் வந்துவிட்டாள். அப்போது கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்த ஒரு கலைமான் திரும்பிப் பார்த்து மூக்கைச் சுளித்தது.

"ஏம்மா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வரலாமா? அந்த வாடையில பீரோட வாசனையே கெடுது. பின்னாடி போ."

குட்டி அந்த மானின் காதைக் கடித்து வைத்தது. அது தனிக்கதை. ஆனால் ஒச்சம்மா பின்னால்தான் போனாள். அன்றைக்கும் பீர் இல்லை.

கூட்டம் கலைந்த பிறகு சன்னாசி பாறைமேல் சுருண்டு கிடந்தான். "நொதிக்க விட மாட்டேங்கிறாங்க தாயி. பச்சையாவே மொண்டு குடுன்னு நிக்கிறாய்ங்க. இன்னும் நாலு நாள்ல நான் காய்ச்சுறதும் வீரசிங்கமாத்தான் இருக்கும்."

"ஆளு இல்லன்னாலும் கடைய மூடுவீங்க, ஆளு இருந்தாலும் நல்லா காய்ச்ச மாட்டீங்க. என் டம்ளருக்கு என்ன வழி?" என்றாள் ஒச்சம்மா. குட்டி அவள் இடுப்பில் தொங்கிக்கொண்டு, அன்றைக்குத் தின்ற ஊறுகாய் நினைப்பில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வழி தெரிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்க் காந்தாரி மிளகாயை அரைத்து, கிடாரங்காயை நறுக்கிப் போட்டு, பக்கத்து மரத்துக்காரர்கள் தும்முகிற அளவுக்கு ஒரு ஜாடி ஊறுகாய் போட்டாள். எடுத்துக்கொண்டு நேராக நரியிடம் போனாள்.

"நரித் தம்பி, உங்களுக்குத் தெரியாதது இல்ல. மேமலைக் காட்டுல இருந்து வந்த எங்க சொந்தக்காரங்க சொல்றாங்க, அங்கெல்லாம் மூக்கத் திறந்து வச்சுக் குடிக்கிறவன சின்னப்பயன்னு சொல்லுவாங்களாம். வாசம் வெளிய போயிருமாம்ல? மூக்க மூடிட்டா அது உள்ளயே சுத்துமாம். அப்புறம் நாக்கத் தட்டி எழுப்ப ஊறுகாயாம். நெசமா தம்பி?"

நரிக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் கிடையாது.

"அடுத்த வாரம் சொல்லலாம்னு வச்சிருந்தேன். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றது. அன்றைக்கே செல்போனில் பேசியது: "ரசனை தெரிந்தவர்கள் மூக்கைப் பிடித்துத்தான் குடிப்பார்கள். மற்றவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது."

காடு மறுபடியும் கண்ணை மூடியது, மூக்கைப் பிடித்தது, ஒரே மடக்கில் கவிழ்த்தது, உதறியது, ஒச்சம்மாவின் ஊறுகாயை நக்கியது. கரடிக்கு மறுபடி கண்ணில் தண்ணீர் வந்தது. இந்தத் தடவை மிளகாயால்.

"அடடா, இதுதான்யா பீரு!" என்றது எருமை.

பானைகளில் அன்றைக்கு இருந்தது வீரசிங்கம். ஒச்சம்மா சொல்லி வைத்தபடி சன்னாசி விடியற்காலையில் ஓநாய் கடைப் பின்வாசலில் வாங்கி, மண்பானையில் ஊற்றி, பானை வாயில் வேப்பிலை கட்டி வைத்திருந்தான். கையால்தான் ஊற்றினான் என்பதால் பலகையைக்கூட அவன் மாற்றவில்லை. ஓநாய்க்கு வியாபாரம் படுத்துப் போயிருந்தது, இப்போது நிமிர்ந்தது. ராஜா மகிழ்ந்து சன்னாசிக்கு ஒரு சால்வை போட்டார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

கூட்டத்துக்குக் காய்ச்ச வேண்டிய வேலை இல்லாததால், சன்னாசி ஒரே ஒரு பானைக்கு மட்டும் கேழ்வரகை ஆற அமர முளைகட்டினான். மணலில் அது தன் இஷ்டத்துக்குப் பொங்கி, தன் இஷ்டத்துக்கு அடங்கியது. சாயங்காலம் கூட்டம் போனதும் ஒச்சம்மா குட்டியோடு பாறைக்குப் பின்பக்கம் வருவாள். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து குடிப்பார்கள். வாசனை பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அவர்களுக்குள் ஒப்பந்தம்.

அப்படி ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு அவள் மரத்துக்குத் திரும்பினால், மொக்கச்சாமி வெயிலில் வெந்து சிவந்த மூஞ்சியோடு காத்திருந்தான். கையில் ஒரு கொட்டாங்கச்சி, சிந்தாமல் மூடி வைத்திருந்தான்.

"உனக்காகத்தான் புள்ள, காலையில இருந்து டோக்கன் வாங்கி நின்னேன். அபாரமான பானையாம். வா, மூக்க நானே பிடிச்சு விடுறேன்."

ஒச்சம்மாவுக்கு அவன்மேல் நிஜமாகவே பாசம் பொங்கியது. குட்டியை அவன் மடியில் விட்டாள், ஜாடியிலிருந்து பெரிய துண்டாக ஒரு ஊறுகாயை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"நீயே குடி மாமா. அம்புட்டு ஒசத்தியானதுக்கு எனக்கு நாக்கு பத்தாது" என்றாள்.

நீதி: நல்ல பொருளைக் கண்டுபிடித்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், கடை பிழைக்கும். நாலு பேர் நாற்பது பேரானால் ஊறுகாய் போடுங்கள், நீங்கள் பிழைக்கலாம்.