கண்காட்சியைத் தின்ற இரண்டாம் ஆண்டு

மலைநாட்டு அக்கரப்பத்தனையில் குளிரே பார்த்துப் பயந்த ஒரு பெண் உண்டென்றால் அது எங்கள் மாவு டீச்சர்தான். பனிக்காலத்தில் நாங்களெல்லாம் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே சால்வையும் சுற்றி, மூட்டை மாதிரி பள்ளிக்கூடத்துக்கு உருண்டு போவோம். அவர் மட்டும் முழங்கை வரை கோதுமை மாவு அப்பியபடி விசிறிக்கொள்ளாத குறையாக நடந்து வருவார்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குவாட்டர்ஸில் நாங்கள் இருவரும்தான் குடியிருந்தோம். நான் பெரிய வகுப்புகளுக்குக் கணிதம். அவருக்கு இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். மற்றபடி எல்லாமே சண்டைதான்.

சண்டைக்குக் காரணம் தை மாதம். குளிரில் பிள்ளைகளின் விரல்கள் விறைத்து, கலர் பென்சில் பிடிக்க முடியாமல், எல்லாரும் கையை அக்குளில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு வகுப்பையே எழுப்பி எங்கள் குசினிக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அடுப்பைச் சுற்றி உட்கார வைத்து ஆளுக்கொரு உருண்டை மாவைக் கொடுத்தார். பிசைந்தால் கை சூடாகும், சூடான கை சும்மா இருக்காது என்பது அவர் கணக்கு.

இருக்கவில்லை. யானை, மயில், லொறி எல்லாம் வந்தன. சோம்பேறிகள் பாம்பு செய்தார்கள். மிளகை நட்டுக் கண் வைத்து, தோசைக்கல்லில் வாட்டி எடுத்தால் சிலை தயார். அவற்றை ஆற வைக்க இடமில்லாமல் ஜன்னல், அலமாரி, என் கட்டில் என்று பரப்பினார்கள். ஒருநாள் அவசரத்தில் சப்பாத்துக்குள் காலை விட்டேன். உள்ளே ஒரு புலி நசுங்கியது. அதைச் செய்த சிறுமி, நான் வேறு புலி செய்து தரும்வரை என்னை வகுப்புக்குப் போக விடவில்லை. நான் செய்த புலியைப் பார்த்துவிட்டு, "பரவால்லைங்க டீச்சர், ஆடுன்னு வச்சுக்கிறேன்" என்றாள்.

இந்தக் கூத்து பள்ளிக்கூட அதிபருக்குப் பிடிக்கவே இல்லை. வகுப்பு என்றால் வகுப்பறையில் நடக்க வேண்டும் என்பார். ஆனால் கல்வி அதிகாரி வருகிறார் என்றதும், காட்டுவதற்குப் பள்ளியில் வேறெதுவும் இல்லாததால், மாவுச் சிலைகளைக் கண்காட்சியாக வைக்கச் சொன்னார். சரியாக இல்லாவிட்டால் டீச்சரை மாற்றிவிடும்படி தானே எழுதிக் கொடுப்பதாகவும் சொல்லி வைத்தார்.

அதிகாரி வரும் நாள் காலை, எங்கள் குசினியில் பெரிய சுளகில் சிலைகளை அடுக்கி வைத்திருந்தார் டீச்சர். பிள்ளைகள் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையில் யாரெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கைகள் எழுந்தன.

"சரி, சாப்பிடுங்க" என்றார்.

அவ்வளவுதான். யானையின் கண்ணைக் கடித்தவனுக்கு மிளகு உறைத்துக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் தும்பிக்கையை விடவில்லை.

அதிகாரியோடு அதிபர் வந்தபோது சுளகில் ஒரு பாம்பின் வால் மட்டும் மிச்சமிருந்தது.

"கண்காட்சி எங்க டீச்சர்?" என்றார் அதிபர்.

"புள்ளைங்க வயித்துல இருக்குங்க சேர்."

அதிபரின் முகம் போன போக்கை நான் இங்கே எழுத முடியாது. அதிகாரியோ மோட்டார் சைக்கிளில் பனிக்குள் வந்த மனிதர். ஏதோ எழுதப் பேனாவை எடுத்தார், விரல் மடங்கவில்லை. டீச்சர் அவரையும் அடுப்படியில் உட்கார வைத்து, கையில் ஓர் உருண்டை மாவைக் கொடுத்தார். அதிகாரி பூனை செய்தார். வால் இல்லையே என்று புலிக்காரச் சிறுமி கேட்டதும் மறுபேச்சில்லாமல் வாலையும் வைத்தார். நிற்பதா போவதா என்று தெரியாமல் அதிபரும் உட்கார்ந்தார். எல்லாரும் மிருகம் செய்தபோது அவர் செய்தது ஒரு நாற்காலி.

பூனை வெந்ததும் அதிகாரி தொட்டுக்கொள்ளச் சம்பல் இருக்கிறதா என்று கேட்டார். போகும்போது, பனிக்காலம் முடியும்வரை வகுப்பு இங்கேயே நடக்கட்டும் என்று அதிபரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகு டீச்சர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"மாத்தி விட்டிருந்தா இதுங்கள யாருகிட்ட தங்கச்சி விட்டுட்டுப் போயிருப்பேன்?" என்றார்.

சொன்ன கையோடு அப்படியே தூங்கிப் போனார். தலைமுடியெல்லாம் மாவு. அன்று சாயங்காலம் அவர் கண் விழிக்கும்வரை, விறகை ஒவ்வொன்றாகத் தள்ளி, அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டேன்.