சனியைப் பார்க்க வரிசையில் நின்றது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம்; உன் அத்தானின் இடது முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க, நீ கேட்காமலே, தினமும் சாமியிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை வானாய்வுக் கூடத்தில் நடந்ததை உன் அத்தான் போனில் அவர் பாணியில் சொல்லியிருப்பார். அதனால் யார் யார் இருந்தோம் என்று முதலில் எழுதிவிடுகிறேன்: நான், உன் அத்தான், மாடி வீட்டு டெய்லரம்மா, புல்லாங்குழல் வாசித்த பல் டாக்டர், தொலைநோக்கியைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்த ஐம்பது பேர், அவர்களுக்கு வானத்தைக் காட்டும் உத்தியோகத்தில் இருக்கிற என் மகள் சின்னு. சாமியையும் சேர்த்துக்கொள். அவர் வந்திருந்தார் என்பதற்கு நானே சாட்சி. அதுதான் இப்போது என் சங்கடம்.

மலை உச்சியில் இருக்கிற பெரிய தொலைநோக்கிக்கு அவளை இரண்டு வருஷம் வரச் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, போயே தீருவேன் என்று நிற்கிறாள். நான் சொன்னால் எடுபடாது, மாமா சொன்னால் கேட்பாள். மலையில் பாலம் கட்டப் போய் உதடெல்லாம் வெடித்துத் திரும்பி வந்தவன் நீ. போக வேண்டாம் என்று நீதான் அவளிடம் சொல்ல வேண்டும். இந்த வேலையின் லட்சணத்தை நேரிலேயே பார்த்துவிட்டேன், கேள்.

முதலில் சங்கீதம், நன்றாக இருட்டியதும் நட்சத்திரம் என்று ஏற்பாடு. பகலெல்லாம் ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிற டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகத்தான் ஆரம்பித்தார், அந்த நேரம் பார்த்துக் கூரையைத் திறக்கிறோம் என்று மோட்டாரைப் போட்டார்கள், அது ங்ங் என்று இரைய, மனுஷர் சுருதி விலகித் தவித்து, ஒவ்வொரு குழலாக மாற்றிப் பார்த்து, கடைசியில் மோட்டாருக்குச் சேர்கிற குழல் ஒன்று கிடைத்ததும் அப்படி ஒரு வாசிப்பு வாசித்தார். மோட்டார் நின்றதும் டெய்லரம்மா, "ஐயோ, நிறுத்தாதீங்க, இப்பதான் சேர்ந்து வருது!" என்று கத்திவிட்டாள். விளக்கெல்லாம் அணைத்து ஐம்பது பேர் கண்ணும் இருட்டுக்குப் பழகியிருந்தபோது உன் அத்தான் கண்ணாடிக்கூட்டைத் தேட போன் டார்ச்சைப் போட்டார். உடனே மைக்கில், "நீலச் சட்டை போட்ட பெரியவர், லைட்ட அணைங்க!" குரல் நம் சின்னுவுடையது. பெற்ற அப்பனை! எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அவர் என்னடா என்றால், "விடு, வீட்ல 'அணைப்பா'ம்பா, இங்க 'அணைங்க'ன்னு மரியாதையாதான் சொல்றா" என்று பூரித்துப்போனார்.

பிறகு மேகம் வந்தது. உன்னிடம் மறைப்பானேன், இந்த வேலையே அவளுக்கு வெறுத்துப்போகட்டும் என்று பத்து நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ போர்வையை இழுத்த மாதிரி வானம் மூடிக்கொண்டது. ஜனங்கள் 'ச்சு' கொட்டினார்கள். சின்னு மட்டும், "அஞ்சே நிமிஷம், கலைஞ்சிடும்" என்று சொல்லிக்கொண்டே, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பதுபோல அந்தக் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அது என் கை, தம்பி. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் நான் வைத்த கை. வீட்டுக்கணக்கில் கால் ரூபாய் உதைத்தால் தூக்கம் வராதவள் நான்; ஒருத்தி கேட்டதற்கு ஐம்பது பேரிடம் வசூல் செய்வது என்ன கணக்கு? சாமி, அந்த மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். டாக்டர் இன்னொரு பாட்டு வாசித்தார், மேகம் விலகியது. "அவர் வாசிப்புக்குத்தான் விலகுச்சு" என்றாள் டெய்லரம்மா.

வரிசையில் நின்று என் முறை வந்தது. "என்னடி தெரியும் இதுல?" என்றேன். "சனி" என்றாள். "வேற ஒண்ணும் இல்லையாடி?" "இன்னிக்கு அதான்மா நல்லா இருக்கு." அது நல்லா இருக்கிறதாம்! அது நம்மைப் பார்த்துவிடக் கூடாதே என்று ஆயுசு பூராவும் வேண்டியவள், ஏணியில் ஏறி நானாக எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? கண்ணாடியில் கண்ணை வைத்தேன். என்னவோ பளிச்சென்றது, அவ்வளவுதான், கை தானாகக் கூப்பிக்கொண்டது, கண் இறுக மூடிக்கொண்டது. "என் பொண்ண ஒண்ணும் பண்ணாத" என்று ஆரம்பித்து நம் குடும்பத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வேண்டிக்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து ஒருவர், "அம்மா தூங்கிட்டாங்களா?" என்கிறார். சின்னு என் காதோடு, "கண்ணைத் திறம்மா" என்றாள். திறந்தால் வெறும் கறுப்பு.

"போயிடுச்சுடி!"

"அது எங்கயும் போகலம்மா. நாமதான் நகர்ந்துட்டோம். இரு." எதையோ மெல்லத் திருகினாள். "இப்பப் பாரு."

பார்த்தேன். அவளுடைய பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகங்களை அவளுக்கு முன்பே படித்து முடித்தவள் நான், பரீட்சைதான் எழுதவில்லை. படத்தில் இருந்த வளையம் எனக்கு ஞாபகம் உண்டு. ஆனால் அது இப்படித் துணையில்லாமல், பிடிமானமில்லாமல், விழாமல் நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. பார்த்தால் யாரையும் பிடிக்கிற மாதிரி தெரியவில்லை. பாவமாக இருந்தது.

ஆகையால் தம்பி, அப்பாவை மைக்கில் அதட்டி, அம்மாவை ஏணியில் ஏற்றிச் சனியிடம் கொண்டுபோய் நிறுத்துகிற இந்த வேலைக்காக அவள் மலை ஏற வேண்டாம் என்று நீயே போன் போட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிடு. குழந்தைகளுக்கு என் ஆசி. உன் வீட்டில் எல்லோரும் நீண்ட ஆயுசோடு, ஒருவரையொருவர் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: தபால்தலை ஒட்டிய பிறகும் இதை மூன்று நாள் அலமாரியில் வைத்திருந்தேன். நேற்றுப் பாத்திரம் கழுவிவிட்டுக் கொல்லைப்புறம் நின்று வானத்தில் சனியைத் தேடினேன், அதே இடத்தில்தான் இருந்தது. வெறும் கண்ணுக்குப் புள்ளிதான், என்றாலும் எனக்கு அடையாளம் தெரிந்தது. மேலே நலம் விசாரித்ததை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடு. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் போகச் சொல். அந்த உயரத்துக்கு ஒரு ஸ்வெட்டர் போதுமா, இரண்டு வேண்டுமா? ஒன்றுக்குத்தான் நூல் வாங்கியிருக்கிறேன், அதில் ஒரு கை முடிந்துவிட்டது. சீக்கிரம் பதில் போடு.